முதுகெலும்பு அசைவு, கைரோபிராக்டிக், உடற்பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடற்பயிற்சி சொல்லித் தருகிற வேலையில் இருப்பதால் முதுகு வலிக்காரர்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். கேள்வி ஒன்றுதான், வடிவம் மட்டும் மாறும்: யாரிடமாவது போய்ச் சரிசெய்துகொள்வதா, இல்லை நானே பயிற்சி செய்து சரிசெய்துகொள்வதா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையால் செய்யும் சிகிச்சை பலருக்கு வலியைக் கொஞ்ச காலத்துக்குத் தணிக்கும். அந்தக் கொஞ்ச காலத்தில் நீங்கள் அசைய ஆரம்பித்தால்தான் அதற்குப் பலன். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கைரோபிராக்டிக் என்றால் என்ன? பிசியோதெரபியும் அதுவும் ஒன்றா?

மூட்டுகளை, முக்கியமாக முதுகெலும்பு மூட்டுகளை, கையால் அழுத்தியோ சட்டென்று ஒரு சின்னத் தள்ளு கொடுத்தோ அசைய வைக்கிற சிகிச்சை இது. 1895-இல் அமெரிக்காவில், அயோவா மாகாணத்தின் டாவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கினார். அவருடைய முதல் நோயாளி ஹார்வி லில்லார்ட், காது சரியாகக் கேட்காத ஒரு துப்புரவுப் பணியாளர். முதுகில் ஒரு எலும்பைத் தள்ளியதும் அவருக்குக் கேட்கத் தொடங்கிவிட்டது என்று பால்மர் சொன்னார். செவி நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே மூளைக்குப் போய்விடுகிறது, முதுகுப் பக்கம் இறங்குவதே இல்லை, அதனால் அந்தக் கதையை அப்படியே நம்பத் தேவையில்லை. ஆனால் தொடக்கக் கதை தப்பு என்பதால் இன்றைக்குச் செய்கிற சிகிச்சை முழுக்கப் பயனற்றது என்றும் ஆகிவிடாது.

பிசியோதெரபியில் பயிற்சிதான் மையம், கைச்சிகிச்சை துணை. கைரோபிராக்டிக்கில் பெரும்பாலும் கைச்சிகிச்சை மையம், நல்லவர்கள் பயிற்சியையும் சேர்த்துச் சொல்லித் தருவார்கள். அதே தள்ளு முறையைச் செய்கிற பிசியோதெரபிஸ்டுகளும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முழுநேரக் கைரோபிராக்டிக் படிப்புக்கு குறைந்தது 4,200 மணிநேர வகுப்பும், அதற்குள் 1,000 மணிநேரம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்த பயிற்சியும் வேண்டும் என்கிறது. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு கழுத்தைத் திருப்புகிறவர்களிடம் போகவே போகாதீர்கள்.

முதுகெலும்பு உண்மையில் எவ்வளவு அசையும்?

இடத்துக்கு இடம் மாறும். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5, ஆக 24 எலும்புகள் தனித்தனியாக அசையக்கூடியவை. அதற்குக் கீழே இருப்பவை ஒன்றோடொன்று சேர்ந்துபோனவை. தலையைப் பக்கவாட்டில் திருப்புகிறீர்களே, அதில் ஏறக்குறைய பாதி, கழுத்தின் மேலே இருக்கும் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் மட்டுமே நடக்கிறது. இடுப்புப் பகுதி முன்னால் குனியவும் பின்னால் வளையவும் நன்றாக இடம் கொடுக்கும், ஆனால் அதிகம் திரும்பாது. அங்கே இருக்கிற சிறு மூட்டுகளின் அமைப்பே திரும்புவதைத் தடுக்கிற மாதிரி இருப்பதால் ஐந்து எலும்பும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு சில டிகிரிதான் திரும்பும். உடம்பைத் திருப்பும் வேலையை மார்புப் பகுதியும் இடுப்பு மூட்டுகளும்தான் (தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடம்) செய்ய வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நாள் முழுக்கக் கூன் போட்டு உட்கார்ந்து மார்புப் பகுதி இறுகிப்போனவர்கள் பந்து வீசும்போதோ மட்டையைச் சுழற்றும்போதோ கீழ் முதுகையே முறுக்குகிறார்கள். வலி கீழே இருக்கும், அசைவு குறைந்த இடம் மேலே இருக்கும். வலிக்கிற இடத்தை மட்டும் தடவிக்கொண்டிருந்தால் இது பிடிபடவே பிடிபடாது.

அசையாமல் இருந்தால் என்ன ஆகிவிடும்? ஓய்வு நல்லதுதானே?

எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற டிஸ்க்குகளுக்கு (ஜவ்வு என்று பலரும் சொல்வது இதைத்தான்) பெரியவர்கள் உடம்பில் நேரடி ரத்த ஓட்டம் கிட்டத்தட்ட இல்லை. ஊட்டம் பக்கத்து எலும்பிலிருந்து கசிந்துதான் உள்ளே போக வேண்டும். சுமை ஏறும்போது டிஸ்க்கிலிருந்து நீர் வெளியேறும், சுமை இறங்கும்போது உள்ளே வரும், ஒரு பஞ்சைப் பிழிந்து விடுவது போல. பகல் முழுக்க நின்று நடந்து இப்படி நீர் போவதால்தான் காலையில் இருப்பதைவிட இரவில் நாம் சுமார் ஒரு சதவீதம் குள்ளமாகிறோம். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வரை இருக்கும். புவியீர்ப்புச் சுமை இல்லாத விண்வெளியில் வீரர்கள் 3 சதவீதம் வரை உயரமாகிறார்கள், அதோடு முதுகு வலியும் வருகிறது. சுமையே இல்லாத நிலை முதுகுக்குச் சொர்க்கம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஏறியும் இறங்கியும் மாறுகிற சுமைதான் அதற்குத் தேவை.

ஓய்வைப் பொறுத்தவரை கதை ரொம்ப நாளாகவே தெளிவு. 1986-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வில் முதுகு வலிக்காரர்களில் ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வும் இன்னொரு பிரிவுக்கு ஏழு நாளும் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு நாள்காரர்கள் வேலைக்குப் போகாமல் இருந்த நாட்கள் குறைவு, மற்றபடி குணமானதில் வித்தியாசம் இல்லை. 1995-இல் பின்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். படுக்கை ஓய்வு, முதுகுக்கென்று தனிப் பயிற்சி, வலி அனுமதிக்கிற அளவுக்கு வழக்கமான வேலை என்று மூன்று பிரிவு. மூன்றாவது பிரிவுதான் சீக்கிரம் தேறியது. புதிதாக முதுகு பிடித்துக்கொண்டால் முதல் சில நாட்களுக்கு விசேஷப் பயிற்சிகூட வேண்டாம், வழக்கமான வேலைகளை விடாமல் முடிந்த அளவு செய்யுங்கள்.

எலும்பு விலகிவிட்டது, அதைத் திரும்ப உட்கார வைக்கிறோம் என்கிறார்களே?

அப்படி நடப்பதில்லை. முதுகெலும்பு கனமான தசைநார்களாலும் தசைகளாலும் கட்டப்பட்டது, தினசரி வேலையில் சின்னதாக இடம் மாறி ஒரு தள்ளில் திரும்பப் போய் உட்காருகிற பொருள் இல்லை. நிஜமாகவே எலும்பு இடம் மாறியிருந்தால், உதாரணமாக விபத்தில், அது ஆஸ்பத்திரி விவகாரம், யாரும் கையால் தள்ளக் கூடாது. தள்ளினால் நடப்பது வேறு: மூட்டு சட்டென்று விரிகிறது, சுற்றியிருக்கிற தசையின் இறுக்கம் கொஞ்ச நேரத்துக்குத் தளர்கிறது, நரம்பு மண்டலம் வலியை உணர்கிற விதம் சற்று மாறுகிறது. நிவாரணம் நிஜம்தான். அதற்குச் சொல்லப்படுகிற விளக்கம்தான் தப்பு. இந்தத் தப்பான விளக்கம் எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம், ஏனென்றால் ‘என் எலும்பு எப்போது வேண்டுமானாலும் விலகும்’ என்று நம்புகிறவர் குனியவே பயப்படுகிறார், அந்தப் பயம் வலியைவிட அதிக நாள் அவரை முடக்கிவிடும்.

அந்த ‘டக்’ சத்தம் எதிலிருந்து வருகிறது?

நெட்டி முறிக்கும்போது விரலில் வருகிற அதே சத்தம்தான். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயு நிறைந்த ஒரு குமிழ் உண்டாகிறது. 2015-இல் விரல் மூட்டை இழுக்கும்போதே எம்.ஆர்.ஐ. படம் எடுத்து இதைப் பார்த்தார்கள். ஒரு தடவை சத்தம் வந்த மூட்டு மறுபடி சத்தம் போடச் சுமார் இருபது நிமிடம் ஆகும். சத்தம் வந்தால் பலன், வராவிட்டால் பலன் இல்லை என்று எதுவும் கிடையாது.

சரி, பலன் இருக்கிறதா இல்லையா?

கீழ் முதுகு வலிக்கு இருக்கிறது, மிதமான அளவில். புதிதாக வந்த வலிக்கு இந்தச் சிகிச்சையைச் சோதித்த 26 ஆய்வுகளை 2017-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, நூறுக்கு அளக்கிற வலி அளவுகோலில் ஆறு வாரத்துக்குள் சராசரியாகப் பத்துப் புள்ளி குறைந்தது தெரிந்தது. நாள்பட்ட வலிக்கு 2019-இல் வந்த இன்னொரு தொகுப்பு, பயிற்சி மாதிரியான மற்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு இது ஏறக்குறைய சமம் என்றது. அதாவது அற்புதமும் இல்லை, ஏமாற்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதலில் பயிற்சியும் இருக்கிறது, முதுகெலும்புக் கைச்சிகிச்சையும் இருக்கிறது, மசாஜும் இருக்கிறது. வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அது சொன்னவற்றில் இடுப்பு பெல்ட்டும், இழுத்துக் கட்டுகிற டிராக்‌ஷனும் உண்டு. பிரிட்டனின் 2016 வழிகாட்டுதல் இன்னும் கறாராக, பயிற்சியோடு சேர்த்துத் தருவதாக இருந்தால் மட்டும் கைச்சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. எனக்குப் பிடித்த வரி அதுதான்.

ஆஸ்துமா, ரத்த அழுத்தம், நோய் எதிர்ப்புச் சக்தி எல்லாம் சரியாகும் என்கிறார்களே?

அதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. யாராவது மருந்தை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கைச்சிகிச்சையும் பயிற்சியும் சேர்த்துச் செய்தால் என்ன?

பிரிட்டனில் 2004-இல் 1,334 பேரை வைத்து இதைத்தான் சோதித்தார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு மூன்று மாதத்தில் சின்னப் பலன் இருந்தது, ஒரு வருடத்தில் அது மங்கிவிட்டது. கைச்சிகிச்சை எடுத்துக்கொண்டு அதன் பிறகு பயிற்சிக்குப் போனவர்களுக்கு மூன்று மாதத்தில் மிதமான பலன், ஒரு வருடத்திலும் சின்ன அளவில் நீடித்தது. பயிற்சியே போதும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள், என்னைப் போன்ற பயிற்சியாளர்கள் உட்பட, இதைக் கவனிக்க வேண்டும். குனிய முடியாத அளவுக்கு வலிக்கிறவரிடம் குந்தி எழச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. முதலில் யாராவது வலியைக் குறைத்துவிட்டால் அவர் அசையத் துணிவார்.

ஆனால் திரும்பத் திரும்ப வருவதைத் தடுக்கிற வேலை பயிற்சியுடையது. முதுகெலும்பை ஒட்டி மல்டிஃபிடஸ் என்று ஒரு ஆழ்ந்த தசை இருக்கிறது, முதல் தடவை வலி வரும்போதே வலித்த பக்கத்தில் அது மெலிந்துவிடும், வலி போனாலும் தானாகப் பழைய அளவுக்கு வருவதில்லை. ஆஸ்திரேலியாவில் 39 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று, 2001-இல் வந்தது, அந்தத் தசைக்கென்று பயிற்சி செய்தவர்களில் 30 சதவீதம் பேருக்கும் செய்யாதவர்களில் 84 சதவீதம் பேருக்கும் ஒரு வருடத்துக்குள் வலி திரும்பியது என்று காட்டியது. சின்ன ஆய்வுதான், எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் அது காட்டுகிற திசை சரி. வலி போய்விட்டது என்று பயிற்சியை நிறுத்துகிற அந்த வாரம்தான் அடுத்த வலிக்கு விதை போடுகிற வாரம்.

எந்தப் பயிற்சி முதுகுக்குச் சிறந்தது?

நீங்கள் தொடர்ந்து செய்யப்போகிற பயிற்சி. இது தட்டிக்கழிக்கிற பதில் இல்லை, பைலேட்ஸ், யோகா, எடைப் பயிற்சி, நீச்சல் என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் பெரிய இடைவெளி கிடைப்பதில்லை. நடைதான் நான் முதலில் சொல்வது. 2024-இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்த சோதனையில், முதுகு வலி வந்து தேறியவர்களுக்கு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகிற நடைத் திட்டத்தையும் முதுகைப் பற்றிய விளக்கத்தையும் கொடுத்தார்கள். மறுபடி வலி வர நடந்தவர்களுக்கு இடைநிலை அளவாக (பாதிப் பேருக்கு அதற்கு முன்பும் பாதிப் பேருக்கு அதற்குப் பிறகும்) 208 நாளும் மற்றவர்களுக்கு 112 நாளும் ஆனது. செலவே இல்லாத மருந்து, இருந்தும் இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கிறது, ஏதாவது ரகசிய ஆசனம் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள்.

நடையோடு வாரத்தில் இரண்டு நாள் வலுப்பயிற்சி. கை முட்டி ஊன்றித் தவழும் நிலையில் இருந்து எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டிப் பிடிப்பது, பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிப்பது, மல்லாந்து படுத்து இடுப்பை மட்டும் உயர்த்துவது, இந்த மூன்றும் ஆரம்பிக்கப் போதும். மார்புப் பகுதி இறுகியவர்கள் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால் மடக்கி, மேல் கையைப் பின்பக்கம் திறந்து திரும்புகிற அசைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் எடை.

எடை தூக்கினால் முதுகு கெட்டுவிடாதா?

படிப்படியாகக் கூட்டினால் கெடாது, வலுப்படும். எலும்பும் தசைநாரும் டிஸ்க்கும் சுமைக்குப் பழகக்கூடியவை, ஆனால் தசையைவிட மெதுவாகப் பழகும். பிரச்சினை வருவது மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டுப் பழைய எடையை முதல் நாளே எடுக்கும்போது.

காலையில் எழுந்ததும் குனிந்து நீட்சிப் பயிற்சி செய்யலாமா?

ஏற்கெனவே முதுகு வலி உள்ளவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இரவில் நீர் ஏறி டிஸ்க்குகள் உப்பியிருக்கும், அப்போது குனிந்தால் அவற்றின் மேல் விழுகிற விசை அதிகம். 1998-இல் வந்த ஒரு ஆய்வில் காலையில் எழுந்த கொஞ்ச நேரத்துக்குக் குனிவதைக் கட்டுப்படுத்தியதாலேயே நாள்பட்ட வலி குறைந்தது. முதலில் நடமாடுங்கள், குளியுங்கள், ஒரு மணிநேரம் போகட்டும். வலியே இல்லாதவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

வலியோடு பயிற்சி செய்யலாமா?

பத்துக்கு மூன்று, நான்கு அளவுக்குள் இருக்கிற வலி, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது என்றால் தொடரலாம். கால் பக்கம் கீழே இறங்கிக்கொண்டே போகிற வலி, கூடிக்கொண்டே போகிற மரத்துப்போதல் இருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, தேய்மானம் என்று எழுதியிருக்கிறது. இனி அசையவே கூடாதா?

அந்த ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015-இல் தொகுத்தார்கள். இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 30 சதவீதம் பேருக்குப் பிதுக்கம். எண்பது வயதில் தேய்மானம் 96 சதவீதம், பிதுக்கம் 84 சதவீதம். மறுபடி சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் முதுகு வலி இல்லை. தோலில் சுருக்கமும் தலையில் நரையும் வருகிற மாதிரி உள்ளேயும் வயது தெரிகிறது, அவ்வளவுதான். இன்னொரு விஷயம், பிதுங்கிய டிஸ்க்குகளில் நிறைய தானாகவே சுருங்கிவிடும், அதிலும் பெரிதாகப் பிதுங்கியவைதான் அதிகம் சுருங்குகின்றன. ஸ்கேனையும் உங்கள் அறிகுறியையும் பொருத்திப் பார்த்து மருத்துவர் சொல்வதுதான் கணக்கு, படத்தை மட்டும் பார்த்து யாரும் உங்கள் முதுகுக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

நாள் முழுக்க உட்கார்ந்து வேலை. எப்படி உட்கார்ந்தால் சரி?

ஒரே மாதிரி உட்காராமல் இருப்பதுதான் சரி. நிமிர்ந்தே நான்கு மணிநேரம் உட்கார்ந்தாலும் வலிக்கும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து பத்தடி நடங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பின்னால் ஒரு தடவை வளையுங்கள்.

கழுத்தைத் திருப்பும் சிகிச்சை ஆபத்தா?

பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாள் வலியோடும் அசதியோடும் முடிந்துவிடும். அரிதாக, கழுத்து ரத்தக் குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. சிகிச்சைதான் காரணமா, இல்லை குழாய் ஏற்கெனவே கிழியத் தொடங்கி அதனால் வந்த கழுத்து வலிக்காகவே அவர் போனாரா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒரு முடிவு இல்லை. கனடாவில் 2008-இல் வந்த ஆய்வு, கைரோபிராக்டரிடம் போனவர்களுக்கும் சாதாரண மருத்துவரிடம் போனவர்களுக்கும் இந்தப் பக்கவாதத்தோடு இருந்த தொடர்பு ஒரே மாதிரி இருந்ததைக் காட்டியது. அமெரிக்க இதய சங்கம் 2014-இல், இந்தத் தொடர்பைப் பற்றி நோயாளிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றது. என் கருத்து: கழுத்து வலிக்கு மெதுவான அசைவுச் சிகிச்சையும் பயிற்சியும் இருக்கும்போது வேகமாகத் திருப்புவது முதல் தேர்வாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. திடீரென்று வந்த, இதுவரை இல்லாத மாதிரியான கழுத்து வலியோ தலைவலியோ, கூடவே தலைசுற்றல், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை இருந்தால் யாரையும் கழுத்தைத் தொட விடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

யார் இந்தச் சிகிச்சைக்குப் போகவே கூடாது?

எலும்பு அடர்த்தி மிகவும் குறைந்தவர்கள், முதுகெலும்பில் புற்றுநோயோ தொற்றோ முறிவோ உள்ளவர்கள், மூட்டுவாதத்தால் கழுத்து மூட்டுகள் தளர்ந்தவர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. இவர்களில் பலருக்கும் தகுந்த பயிற்சி உண்டு, அதை மருத்துவர் யோசனையோடு தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதோடு இன்னொன்று, இதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள்: தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைபடுவது அல்லது கட்டுப்பாடு போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது. முதுகின் கீழே இருக்கும் நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று அர்த்தம். அதே நாளில், அதே மணிநேரத்தில் அவசரப் பிரிவு. காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்த பிறகு வந்த வலி இவற்றையும் தள்ளிப்போடாதீர்கள்.

எத்தனை தடவை போக வேண்டும்? வருடம் முழுக்க வரச் சொல்கிறார்களே?

நான்கிலிருந்து ஆறு தடவைக்குள் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் அந்த வழி உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். முதல் நாளே ஐம்பது சிட்டிங்குக்கு முன்பணம் கேட்பது, எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுப்பது, வராவிட்டால் முதுகு வளைந்துவிடும் என்று பயமுறுத்துவது, இதெல்லாம் விலகிப்போக வேண்டிய இடத்தின் அடையாளம். நல்ல கைரோபிராக்டர் முதலில் உங்கள் உடல்நலத்தைப் பற்றி நிறையக் கேட்பார், சோதிப்பார், இது எனக்கான கேஸ் இல்லை என்று மருத்துவரிடம் அனுப்பவும் தயங்க மாட்டார், வீட்டில் செய்யப் பயிற்சி கொடுப்பார், அடுத்த தடவை அதைச் செய்தீர்களா என்று கேட்பார்.

வலி எதுவும் இல்லை. ஆரோக்கியத்துக்காக, விளையாட்டில் முன்னேறுவதற்காகப் போகலாமா?

தள்ளு கொடுத்தால் ஓட்டம் வேகமாகும், எடை அதிகம் தூக்க முடியும் என்பதற்கெல்லாம் உறுதியான ஆதாரம் கிடையாது. மூட்டு லேசான மாதிரி ஒரு உணர்வு கிடைக்கும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். அந்தப் பணத்தையும் நேரத்தையும் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்புக்கும் இரண்டு நாள் வலுப்பயிற்சிக்கும் கொடுங்கள். முதுகோடு சேர்த்து இதயம், சர்க்கரை, தூக்கம், மனசு எல்லாவற்றுக்கும் அதில் பலன் இருக்கிறது.